புலி ஜெயித்தது... பட்டறை பூட்டியது!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் என்னைப் பிடித்தபோது, 'உழைப்பே உயர்வு' என்று ஏதாவது நாலு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காரமடை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பேக்கரியில் நடந்த ஒரு சண்டை மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

சண்டை ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. 2025 மார்ச் மாசத்தில் ஊர் உலகமே தன் போட்டோவை ஜப்பான்காரரின் ஜிப்லி ஸ்டுடியோ பாணிக்கு மாற்றி வைத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? எங்கள் எலெக்ட்ரிக்கல் நண்பன் அன்று மாற்றிய போட்டோவை இன்னமும் எடுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் சொன்னான்: "இனிமே ஸ்டுடியோவே தேவையில்லடா. பட்டனைத் தட்டுனா படம் வந்துரும். ஜிப்லியெல்லாம் அவ்வளவுதான்!"

எலெக்ட்ரிக்கலுக்குக் கோபம் வந்துவிட்டது. "மியாசாகி கையால வரைஞ்சதத் திருடித்தான் உன் மெஷினே கத்துக்கிச்சு. அவரு இல்லாட்டி அதுக்கு ஏதுடா பொழப்பு?" என்று எகிறினான். சிவில் நண்பன் நடுவில் புகுந்தான். "ஜப்பானை விடுங்கடா. நம்ம நாட்டுல 2025 ஜூலையில 'மஹாவதார் நரசிம்மா' வந்துச்சு. பொம்மைப் படம்தான. முந்நூறு கோடிக்கு மேல வசூல்! இனி அனிமேஷனுக்கு நல்ல காலம்தான்!"

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பேசவில்லை. "என்னடா மெக்கானிக்கல், வாயில பன்னா?" என்றான் சிவில். தேங்காய்ப் பன் வாயில்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் நின்றது வேறு.

என் அக்கா.

அக்கா வரைந்த கோடு

அக்கா சின்ன வயதிலிருந்தே வரைவாள். கறிவேப்பிலைக் காட்டுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், மாசி மகத் தேர், ரங்கநாதர் கோயிலில் பந்தம் பிடித்து ஆடுகிறவர்கள் என்று நோட்டு முழுக்கப் படம்தான். பிளஸ் டூ முடித்ததும் கோவையில் அனிமேஷன் படிக்கிறேன் என்றாள். "பொம்ம வரஞ்சா பொழப்பு ஓடுமா அம்முணி?" என்று அம்மா கேட்டாள். கேட்டாளே தவிர, அடுத்த வாரமே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கறவை மாடு ஒன்றும் போயிற்று.

படிப்பு முடிந்து வெளியூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். வேலைக்குப் பெயர் ரோட்டோ. அதாவது, படத்தில் ஓடுகிற மனிதனைச் சுற்றிக் கோடு போட்டு அவனை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தால்தான் பின்னால் மலையையோ கடலையோ ஒட்ட முடியும். ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொன்றிலும் கோட்டை நகர்த்த வேண்டும். தலைமுடி பறக்கிற காட்சி என்றால் செத்தோம்! வெளிநாட்டுப் படங்களின் வேலை மூன்றாவது நாலாவது கை மாறி அவர்களிடம் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அக்காவிடமிருந்து போன் வந்தால், வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாவது வருஷம் சம்பளம் தள்ளிப் போனது. "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடறோம்" என்றார்கள். மூன்று மாசம் அப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கதவில் பூட்டு.

இப்போது அக்கா ஊரில்தான் இருக்கிறாள். கல்யாண ஆல்பம், பத்திரிகை, பிளக்ஸ் டிசைன் செய்கிறாள். சங்கிலி திரும்பி வரவில்லை. நான் அனிமேஷன் என்று வாயைத் திறக்கும் முன்பே, டிப்ளமோ மெக்கானிக்கல் விண்ணப்பத்தை அப்பா நிரப்பிவிட்டார். தப்பு சொல்ல மாட்டேன். ஆனாலும் தொண்டையில் நிற்கத்தான் செய்கிறது.

ஆஸ்கார் வாங்கிய கையில் வேலை இல்லை

அக்காவின் கதை சின்னக் கம்பெனிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய இடத்திலும் இதேதான்.

'லைப் ஆப் பை' படம் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிப் பையன் ஒருவன் நடுக்கடலில் புலியோடு படகில் மிதக்கிற கதை. ஆங் லீ இயக்கி 2012-ல் வந்தது. அந்தப் புலியைப் பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டரில் உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் என்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோ. 1987-ல் தொடங்கியது. மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. நம்மவர் கையும் அந்தப் புலியில் பட்டிருக்கிறது. படம் உலகம் முழுக்கச் சுமார் 60 கோடி டாலர் வசூலித்தது.

2013 பிப்ரவரியில் அந்த ஸ்டுடியோ திவால் மனு கொடுத்தது. இரண்டு வாரத்துக்குள் ஆஸ்கார் விழா! சிறந்த விஷுவல் எபெக்ட்ஸ் விருது அந்தப் படத்துக்கே கிடைத்தது. மண்டபத்துக்கு வெளியே வேலை இழந்தவர்கள் அட்டை பிடித்து நிற்கிறார்கள். உள்ளே விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோபர் தன் ஸ்டுடியோவின் கஷ்டத்தைப் பற்றிப் பேச வாயெடுத்ததும் இசையைப் போட்டு, மைக்கையும் நிறுத்திவிட்டார்கள். புலி ஜெயித்தது, பட்டறை பூட்டியது!

அதே படத்தில் கப்பல் மூழ்குகிற புயல் காட்சியைச் செய்தது எம்.பி.சி. என்ற இன்னொரு ஸ்டுடியோ. அதன் தாய் நிறுவனம் பாரீசிலுள்ள டெக்னிகலர். 2024 டிசம்பரில் வந்த 'முஃபாசா' சிங்கங்கள் எம்.பி.சி. செய்தவைதான். அந்தப் படம் 70 கோடி டாலரைத் தாண்டியது. படம் வந்த இரண்டே மாசத்தில், 2025 பிப்ரவரியில், டெக்னிகலர் குழுமம் சரிந்தது. பெங்களூரில் அதற்கு வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

சிங்கத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தது யார் என்று நமக்குத் தெரியும். அதன் பிடரி மயிரை ஒவ்வொன்றாக அசைத்தது யார்? ஒருத்தருக்காவது தெரியுமா?

அப்பா சொன்ன கணக்கு

படம் இத்தனை கோடி சம்பாதிக்கிறது, செய்தவன் எப்படித் திவாலாகிறான்? பேக்கரியிலிருந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா கோவையில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பொம்மைப் படத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே உறவு, 1989-ல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியோடு பொம்மைகள் ஆடியதைப் பார்த்ததுதான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுல புதுசா என்னுங் கண்ணு இருக்குது? நம்ம பட்டறைல நடக்கறதுதான. ரேட்டப் பேசி முடிச்ச பொறகு டிராயிங்க மாத்துவான். ரெண்டு எம்.எம். கொறைச்சுக் குடும்பான். மறுபடியும் கடைசல் புடிக்கோணும். கூலி அதேதான். நட்டம் ஆருக்கு? எவன் டிராயிங்கோ அவனுக்குத்தான் பொருளு. நம்முளுது வெறும் கூலி."

நாலு வரியில் முடித்துவிட்டார் மனுஷன்! ஹாலிவுட்டிலும் அதே கணக்குதான் நடக்கிறது. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை பேசி வேலையை எடுக்கிறார்கள். நடுவில் இயக்குநர் "வானத்தின் நிறத்தை மாற்று" என்பார். மாற்றுகிற செலவு ஸ்டுடியோ தலையில். படம் ஆறு மாசம் தள்ளிப்போனால், அந்த ஆறு மாசமும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். "அடுத்த ஊரில் அரசாங்கம் வரிச்சலுகை தருகிறது, விலையைக் குறை" என்று வேறு நெருக்குவார்கள். வான்கூவர், லண்டன் என்று வேலை ஊர் ஊராக ஓடியது அப்படித்தான். படம் நூறு நாள் ஓடினாலும் ஸ்டுடியோவுக்குப் பங்கு கிடையாது.

சிறுமுகைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாவும் ஊடும் வாங்கிப் பட்டுச்சேலை கூலிக்கு நெய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சேலை கிடைக்கிறதா? அதே கதைதான் இதுவும்.

வேலையின் அளவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், நாமெல்லாம் டிப்ளமோக்காரர்கள்தானே! ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 5,400 விநாடி. 24-ஆல் பெருக்கினால் 1,29,600 பிரேம். ஒரு பிரேமை உருவாக்க ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மெஷினில் ஓட்டினால் 59 வருஷம்! அதனால்தான் நூற்றுக்கணக்கில் மெஷின் வாங்கி அடுக்குகிறார்கள். கரண்ட் பில், ஏசி, சாப்ட்வேர் கட்டணம், ஆள் சம்பளம் எல்லாம் மாசா மாசம் நிற்கிறது. வேலை மட்டும் மாசா மாசம் வருவதில்லை.

சொந்தச் சரக்கு இருந்தால் போதுமா?

"அப்படின்னா சொந்தமா கதை பண்ணி சொந்தமாப் படம் எடுத்தா முடிஞ்சுது!" என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் சென்னையிலேயே அதைச் செய்து பார்த்த கம்பெனி ஒன்று உண்டு. பெயர் பென்டாமீடியா கிராபிக்ஸ். நம்மில் பாதிப் பேர் பிறக்கும் முன்பே நடந்தது. வீட்டுப் பரணில் 'பாண்டவாஸ்' வி.சி.டி. கிடைத்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

நடிகர் உடம்பில் கருவி மாட்டி, அவர் அசைவைப் பதிவு செய்து பொம்மைக்கு ஏற்றுகிற மோஷன் கேப்சர் முறையில் அவர்கள் எடுத்த சிந்துபாத் படம் 2000-லேயே வந்துவிட்டது. ஹாலிவுட்டின் 'போலார் எக்ஸ்பிரஸ்' வந்தது 2004-ல்தான். அதே 2000-ல் எடுத்த 'பாண்டவாஸ்' சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. நம்ம சென்னைக் கம்பெனி!

அப்புறம்? சிந்துபாத் அமெரிக்கத் தியேட்டரில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் கம்பெனியின் பங்கு விலை ஆகாயத்துக்குப் போயிருந்தது. 2001-ல் பங்குச் சந்தை சரிந்தபோது, கேதன் பரேக் என்ற தரகரின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட பத்துப் பங்குகளில் இதுவும் ஒன்று. அதற்குப் பிறகும் படம் வராமலில்லை. அலிபாபா, அலாவுதீன் மகன், புத்தர், கல்லிவர் என்று 2005 வரை வந்தன. ஆனால் பழைய வீச்சு திரும்பவில்லை.

ஆக, திறமை இருந்தது, மெஷின் இருந்தது, சொந்தப் படமும் இருந்தது. படம் பார்க்கிற கூட்டத்தைச் சேர்க்கும் முன்பே பங்கு விலை ஓடிவிட்டது. வண்டி முன்னால், மாடு பின்னால்!

ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா ஆரம்பித்த கிரீன் கோல்ட் கம்பெனியைப் பாருங்கள். ஆரம்பித்தது 2001-ல். 'சோட்டா பீம்' டி.வி.யில் வந்தது 2008-ல். இடையில் ஏழு வருஷம்! லட்டு தின்கிற பொடியனை நாம் கிண்டல் செய்யலாம். ஆனால் பீம் அவர்களுடைய சொந்தப் பிள்ளை. பென்சில் டப்பாவில் பீம் படம் போட்டால்கூடக் காசு அவர்களுக்கு வரும். நாம் பள்ளிக்கூடம் போனபோது எத்தனை பீம் பைகள் வகுப்பில் தொங்கின, எண்ணிப் பாருங்கள்.

அப்படியென்றால் ஜிப்லி? அதற்கு வேறு நோய். 1985-ல் ஆரம்பித்த ஸ்டுடியோ, சொந்தக் கதை, உலகப் புகழ், இரண்டு ஆஸ்கார். ஆனாலும் 2014-ல் படம் தயாரிக்கிற பிரிவைக் கலைத்து நிறுத்தினார்கள். பின்னர் மியாசாகி திரும்பி வந்தபிறகுதான் அடுத்த படம். 2023-ல் நிப்பான் டி.வி.யின் கீழ் போனது ஸ்டுடியோ. காரணம் பணமில்லை. பெரியவருக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஒற்றைத் தூணில் நிற்கிற மண்டபம் அழகாக இருக்கும், பயமாகவும் இருக்கும்.

நண்பர்களுக்கு என் பதில்

அன்று பேக்கரியில் சொல்ல முடியாததை இன்று சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் நண்பா! நீ சொல்கிற மெஷின் வரத்தான் போகிறது, வந்தும்விட்டது. அக்கா செய்த ரோட்டோ வேலையைத்தான் அது முதலில் தின்னும். ஆனால் தேர் திரும்பும்போது கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று, தேர் இழுத்தவனுக்குத்தான் தெரியும். கதை தெரிந்தவனுக்கு மெஷின் கருவி. கதை தெரியாதவனுக்கு மெஷின்தான் முதலாளி.

சிவில் நண்பா! முந்நூறு கோடி சந்தோஷம்தான். நம் மக்கள் அனிமேஷனுக்கு டிக்கெட் வாங்குவார்கள் என்று அந்தப் படம் காட்டிவிட்டது. 2014-ல் 'கோச்சடையான்' வந்தபோது ரஜினியே இருந்தும் பொம்மை அசைவு சரியில்லை என்று நாடே குறை சொன்னது. நரசிம்மருக்கு எந்த நட்சத்திரமும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு படம் ஜெயித்ததால் ஒரு தொழில் ஜெயித்ததாகிவிடாது. புலிப் படமும் ஜெயித்த படம்தான்.

எலெக்ட்ரிக்கல் நண்பா! ஜிப்லி மேல் உனக்குள்ள பாசம் நியாயம். ஆனால் பாசம் இருக்கிறவன் தன் போட்டோவை மெஷினில் போட்டு மாற்றியிருக்கக் கூடாது. சும்மா சொன்னேன், கோபிக்காதே!

நாம் ரசிகர்கள் எப்போதும் ஹிட்டா பிளாப்பா என்று மட்டும்தான் சண்டை போடுகிறோம். செய்தவனுக்குக் கூலி வந்ததா, பாத்திரம் யாருக்குச் சொந்தம், அடுத்த தலைமுறைக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்று ஒரு நாளாவது கேட்டோமா? ஒரு ஸ்டுடியோ பிழைக்குமா சாகுமா என்பது இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேரும் முன்பு, அங்கே முன்னால் படித்த ரெண்டு பேரைத் தேடிப்பிடித்து, இப்போது என்ன வேலை, சம்பளம் மாசாமாசம் வருகிறதா என்று கேள். விளம்பரப் பலகையிலுள்ள சிரித்த முகங்களைக் கேட்காதே. சாப்ட்வேரை மட்டும் கற்காதே, அது வருஷத்துக்கு வருஷம் மாறும். கையால் வரையக் கற்றுக்கொள்.

நம்ம கதை கனடாவில்!

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பிரெண்டா பெக் என்று ஒரு கனடா நாட்டு மானுடவியல் அறிஞர். 1960-களில் நம் கொங்கு நாட்டுக் கிராமத்தில் வந்து தங்கி ஆராய்ச்சி செய்தவர். அப்போது பாட்டாகக் கேட்டுப் பதிவு செய்த அண்ணன்மார் கதையை, பல வருஷம் கழித்துத் தமிழ் ஓவியர் ஒருவரோடு சேர்ந்து 26 பகுதி அனிமேஷன் தொடராக எடுத்தார். நம்ம பொன்னர் சங்கர்! நம்ம பாட்டிமார் உடுக்கை சத்தத்தோடு ராத்திரி முழுக்கக் கேட்ட கதை! அதைப் பொம்மைப் படமாக்கக் கனடாவிலிருந்து ஒரு அம்மா வரவேண்டியிருந்தது. நாம் ஜப்பானுக்காகப் பேக்கரியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதனால் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. நாமே ஒரு சின்னப் படம் எடுப்போம். இரண்டே நிமிஷம். காரமடைத் தேர் நிலையிலிருந்து கிளம்பித் திரும்புகிற வரைக்கும். விநாடிக்கு 12 படம் வரைந்தாலே அசைவு வந்துவிடும். 120 விநாடிக்கு 1,440 படம். 36 பேர் சேர்ந்தால் தலைக்கு 40 படம்தான். செமஸ்டருக்கு நடுவில் முடியாதா என்ன?

தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். சக்கரத்துக்குக் கீழே குனிந்து, காலைக் கொடுக்கிற அபாயத்தில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற நாலு பேரை யாரும் எடுப்பதில்லை. நம் படத்தில் அவர்கள் முகமும் இருக்கட்டும். கடைசியில் வரைந்த 36 பேர் பெயரும் நிதானமாக, படிக்கிற வேகத்தில் ஓடட்டும். அந்தப் படம் 36 பேருக்கும் சொந்தமாக இருக்கட்டும்.

யார் சொல்லித்தருவது என்று கேட்பீர்கள். நேற்று ராத்திரி அக்காவிடம் கேட்டேன். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"சனிக்கிழமைன்னா எத்தன மணிக்கு வரோணும்?"

பென்சிலும் பேப்பரும் கொண்டு வாருங்கள் நண்பர்களே. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு